கினிப்பன்றி குட்டி போடும்போது: சினைக்காலம் முதல் குட்டிகளைப் பிரிக்கும் நாள் வரை

கினிப்பன்றியின் பிரசவம் பெரும்பாலும் அரை மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் நம் கைக்குப் பெரிய வேலை இருக்காது. தாயும் குட்டிகளும் பிழைப்பார்களா என்பது அதற்கு முந்தைய இரண்டு மாதத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது: தாயின் வயது, எடை, தின்ற தீனி, கூண்டு இருந்த இடத்தின் சூடு. அதனால்தான் இந்தக் குறிப்பில் பிரசவத்துக்கு முந்தைய வேலைகளைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குட்டி பார்க்கும் ஆசைக்காக ஆணையும் பெட்டையையும் ஒன்றாக விடாதீர்கள். இந்தச் சிறிய உடம்புக்குச் சினை என்பது உயிராபத்துள்ள விஷயம். ஆனால் பலர் வீட்டில் இது கேட்டு வருவதில்லை. கடைகளில் ஆண், பெண் பிரிக்காமல் ஒரே கூண்டில் வைத்திருப்பதால், வாங்கி வரும் பெட்டை ஏற்கெனவே சினையாக இருப்பது சகஜம். அவர்களுக்காகத்தான் இது.

எந்தப் பெட்டைக்கு ஆபத்து அதிகம்

கினிப்பன்றியின் இடுப்பெலும்பு முன்பக்கத்தில் இரண்டு பாதிகளாக, குருத்தெலும்பால் இணைந்திருக்கும். சினையின் கடைசி நாட்களில் ரிலாக்சின் என்ற ஹார்மோன் அந்த இணைப்பை இளக்கிவிட, இரண்டு பாதிகளும் விலகி இரண்டரை செ.மீ. அளவுக்கு வழி உண்டாகும். குட்டியின் தலை அந்த வழியாகத்தான் வர வேண்டும். ஏழு மாத வயதுக்குள் ஒருமுறையாவது குட்டி போடாத பெட்டைக்கு இந்த இணைப்பு இறுகிப்போய், பிரசவ நேரத்தில் போதுமான அளவு விலகாமல் போகலாம். அப்படியானால் குட்டி உள்ளேயே சிக்கும். அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி.

எனவே உங்கள் பெட்டைக்கு வயது ஏழு மாதத்துக்கு மேல், இதுதான் முதல் சினை என்றால், பிரசவ நாள் வரை காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் அறுவை செய்ய முடியுமா, இரவில் அழைத்தால் வருவார்களா என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதிகக் கொழுப்பேறிய பெட்டை, 500 கிராம்கூட இல்லாத சின்னப் பெட்டை ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மருத்துவர் என்றால் முயல், பறவை, எலி வகைகளைப் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். ஆடு மாடு, நாய் மட்டுமே பார்ப்பவர்களுக்கு இந்த உயிரினத்தின் மருந்தளவு தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே விசாரித்து வைக்கலாம். மனிதருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை எக்காரணம் கொண்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நஞ்சு பெருகி, கினிப்பன்றி செத்துவிடும்.

நாள் கணக்கு

சினைக்காலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் அதிகமென்றால் சீக்கிரம், ஒன்றே ஒன்று என்றால் தாமதம். வழக்கமாக இரண்டு முதல் நான்கு குட்டிகள். கடையிலிருந்து வாங்கியதென்றால் வாங்கிய நாளிலிருந்து 72 நாள் வரை எந்த நாளும் பிரசவ நாளாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று அவசியம். வாரம் இரண்டு முறை, ஒரே நேரத்தில், ஒரு டப்பாவில் உட்கார வைத்து எடை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். சினையென்றால் எடை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பழைய எடையைப் போல ஒன்றரை மடங்கு, சில பெட்டைகளுக்கு இரண்டு மடங்குகூட ஆகும். ஆறாவது வாரத்துக்குப் பிறகு, தாய் படுத்திருக்கும்போது விலாவுக்குக் கீழே குட்டிகள் அசைவது கண்ணுக்கே தெரியும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். கருப்பையில் இரத்தக்கசிவு உண்டாகும், கரு கலையும். தூக்க வேண்டியிருந்தால் ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்பாகம் முழுவதையும் தாங்கியபடி. கடைசி இரண்டு வாரம் தூக்காமல், டப்பாவைப் பக்கத்தில் வைத்து அதாகவே ஏறவிடுவது நல்லது.

தீனி

கினிப்பன்றியின் உடம்பு நம்முடையதைப் போலவே வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 20 மி.கி. போதும், சினையில் 30 மி.கி. வேண்டும். 1.2 கிலோ தாய்க்கு நாளொன்றுக்கு சுமார் 36 மி.கி. பச்சைக் குடைமிளகாய் 45 கிராம் கொடுத்தால் இந்த அளவு கிடைத்துவிடும். சிவப்புக் குடைமிளகாயில் இன்னும் அதிகம். நெல்லிக்காயில் ஒரு சிறு துண்டே போதும், ஆனால் புளிப்புக்குப் பல கினிப்பன்றிகள் முகம் திருப்பிக்கொள்ளும். கொய்யாவிலும் நிறைய இருக்கிறது. இனிப்பு என்பதால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள். தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலந்து வைப்பது வீண்: வெளிச்சத்திலும் காற்றிலும் சில மணி நேரத்தில் சத்து போய்விடும், சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். பல வைட்டமின் சேர்ந்த டானிக்கும் வேண்டாம், ஏ-யும் டி-யும் மிகுந்துவிடும்.

இங்கே பலர் செய்யும் தவறு, முயல் தீவனத்தையே கொடுப்பது. அதில் வைட்டமின் சி சேர்க்கப்பட்டிருக்காது. கினிப்பன்றிக்கென்றே விற்கும் பெல்லட்டாக வாங்குங்கள், அதிலும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டிய மூட்டையில் அந்தச் சத்து பாதியாகக் குறைந்திருக்கலாம்.

அடிப்படைத் தீனி உலர்ந்த புல்தான். இருபத்து நான்கு மணி நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். டிமோத்தி ஹே கிடைத்தால் அது, இல்லையென்றால் மருந்து தெளிக்காத அருகம்புல்லை நிழலில் உலர்த்திப் போடலாம். சாதாரணமாகக் குதிரைமசால் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீர்ப்பையில் கல் வரும் என்பார்கள், சரிதான். ஆனால் சினைக்காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அந்தச் சுண்ணாம்பு தேவை, எனவே தினமும் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். கொத்தமல்லித் தழை நல்லது. பாலக்கீரை வேண்டாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, சோறு, ரொட்டி ஆகவே ஆகாது.

வயிற்றில் குட்டிகள் பெருத்து இரைப்பைக்கு இடம் குறைவதால் தாய் ஒரே நேரத்தில் அதிகம் தின்ன முடியாது. தின்பதை நிறுத்தினால்தான் ஆபத்து. கடைசி இரண்டு வாரத்திலும் பிரசவத்துக்கு அடுத்த வாரத்திலும் வரும் சினை நச்சு நோய் இப்படித்தான் தொடங்குகிறது. போதிய உணவு இல்லாதபோது உடம்பு தன் கொழுப்பையே கரைக்க ஆரம்பிக்கும், அதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் தேங்கும். தாய் மூலையில் முடிசிலிர்த்து உட்காரும், பிடித்த மல்லித்தழையையும் தொடாது, வாயில் நகப்பாலிஷ் கலைக்கும் திரவத்தின் வாடை அடிக்கும். ஓரிரு நாளில் உயிர் போகும் நோய் இது. அரை நாள் தீனி தொடாமல் இருந்தாலே பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். கொழுத்த பெட்டைக்கு இது சீக்கிரம் வரும். ஆனால் சினை என்று தெரிந்த பிறகு இளைக்க வைப்பதாக நினைத்துத் தீனியைக் குறைத்தால் இந்த நோயை நீங்களே வரவழைத்ததாகிவிடும்.

சூடும் சத்தமும்

ஆண்டிஸ் மலைக் குளிரில் தோன்றிய உயிரினம் இது. 18 முதல் 24 டிகிரி வரை சௌகரியம். 28-ஐத் தாண்டினால் சாதாரணக் கினிப்பன்றியே திணறும். நிறைசினையில் இருப்பதற்குச் சொல்லவே வேண்டாம். சென்னை, வேலூர், மதுரை வெயில் காலத்தில் மொட்டைமாடி, பால்கனி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைப்பது கொலைக்குச் சமம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் கூண்டை வையுங்கள். படுக்க ஒரு பெரிய டைல்ஸ் துண்டு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில், நேரடியாக மேலே வீசாதபடி மின்விசிறி. உடம்பை நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு வாங்கி, வாயில் எச்சில் வழிந்தால் வெப்பத்தாக்கு. காதையும் பாதங்களையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

கடைசி வாரங்களில் கூண்டை இடம் மாற்றுவது, புது ஜோடி சேர்ப்பது, குளிப்பாட்டுவது எதுவும் கூடாது. தீபாவளி சமயம் என்றால் வெடிச்சத்தம் குறைவாகக் கேட்கும் உள்ளறையைப் பல நாள் முன்பே பழக்கிவிடுங்கள்.

கூண்டைத் தயார் செய்தல்

கினிப்பன்றி கூடு கட்டாது. ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் உள்ள ஓர் அட்டைப்பெட்டியும் மெத்தென்ற தரையும் போதும். மரத்தூள் வேண்டாம், ஈரமான குட்டியின் மூக்கிலும் வாயிலும் ஒட்டும். பழைய பருத்தித் துண்டு, ஃபிளீஸ் துணி நல்லது. நூல் பிரிந்து தொங்கினால் குட்டியின் காலில் சுற்றும், வெட்டிவிடுங்கள். குட்டிகள் பிறந்த அன்றே ஓடும். கம்பிக்கு இடையே இரண்டரை செ.மீ. இடைவெளி இருந்தாலே தலை நுழைந்துவிடும் என்பதால் கீழே 15 செ.மீ. உயரத்துக்குச் சுற்றிலும் அட்டை கட்டுங்கள். ஆழமான தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, குட்டிக்கு எட்டும் உயரத்தில் இன்னொரு தண்ணீர் பாட்டிலையும் மாட்டுங்கள்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். பனிக்குட நீரும் இரத்தமும் பட்ட துணிக்குச் சில நிமிடத்தில் வந்துவிடும்; பிறந்த குட்டியின் கண்ணையும் தொப்புளையும் கடிக்கும். கூண்டைக் கால் வைத்த மேசைமேல் வைத்து, நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுதான் சரியான வழி. கூண்டருகே எறும்பு மருந்தோ சாக்பீஸோ போடக்கூடாது.

ஆண் கூடவே இருந்தால், ஐம்பதாவது நாளுக்குள் வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினை பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையைச் சுமந்தால் அந்த உடம்பு தாங்காது.

கையருகே ஒரு டப்பாவில் இவை இருக்கட்டும்: மெல்லிய பருத்தித் துண்டுகள் நான்கைந்து, கொதிக்கவைத்த கத்தரிக்கோல், தையல் நூல், ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சுகள், மருந்துக்கடையில் கிடைக்கும் நீரில் கரையும் ஜெல்லி, வெந்நீர்ப் பை, டார்ச், பயணப் பெட்டி, மருத்துவரின் எண்.

நாள் நெருங்கியதை அறிவது

இதற்கு ஒரே நம்பகமான அடையாளம் அந்த இடுப்பெலும்பு இடைவெளிதான். தாயைத் தூக்காமல், ஒருவர் முன்னால் தழை கொடுத்துக்கொண்டிருக்க, அடியில் கைவிட்டு, பிறப்புறுப்புக்குச் சற்று முன்னால் சுண்டுவிரலின் நுனியை லேசாக வையுங்கள். இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். நடுவில் சுண்டுவிரல் அமரும் பள்ளம் இருந்தால் பிரசவம் சில நாட்களில். இரண்டு விரல் அகலத்துக்கு விரிந்திருந்தால் ஓரிரு நாளில், சில சமயம் அன்றே. எழுபது நாள் தாண்டியும் எலும்புகள் ஒட்டியே இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒருநாளுக்கு ஒருமுறைக்கு மேல் பார்த்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பிரசவம்

தாய் அமைதியாகிவிடும். பிறகு உட்கார்ந்த நிலையில் முதுகை வளைக்கும், விக்கல் எடுப்பதுபோல உடம்பு குலுங்கும், ஒவ்வொரு குலுங்கலுக்கும் மெல்லிய கீச்சொலி வரும். தலையைப் பின்னங்கால்களுக்கிடையே நுழைத்து, வெளிவரும் குட்டியைப் பல்லால் பிடித்து இழுத்து, பனிக்குடச் சவ்வைக் கிழித்து நக்கத் தொடங்கும். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி என்பது வழக்கம். நஞ்சுக்கொடியைத் தாயே தின்றுவிடும், தடுக்காதீர்கள். பின்பாகம் முதலில் வருவதும் இயல்புதான், பயம் வேண்டாம்.

நீங்கள் ஓர் அடி தள்ளி உட்கார்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். முதல் குலுங்கலின் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். கை வைக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் இரண்டுதான்.

முதலாவது, சவ்வு கிழியாத குட்டி. இரண்டு குட்டிகள் அடுத்தடுத்து வந்தாலோ தாய்க்கு இது முதல் ஈற்று என்றாலோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடும். அரை நிமிடம் பாருங்கள். தாய் திரும்பவில்லையென்றால் குட்டியின் மூக்கருகே சவ்வை விரல் நகத்தால் கிள்ளிக் கிழித்து, மூக்கையும் வாயையும் துண்டின் நுனியால் துடையுங்கள். மூச்சு வரவில்லையென்றால் தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி உள்ளங்கையில் பிடித்து, முதுகையும் விலாவையும் துண்டால் அழுத்தமாகத் தேயுங்கள். செத்ததுபோல் தொய்ந்திருக்கும் குட்டிகூட ஐந்து நிமிடத் தேய்ப்புக்குப் பின் கீச்சிடுவதுண்டு, சீக்கிரம் கைவிடாதீர்கள். குட்டியைப் பிடித்துச் சுழற்றி உதறும் பழைய முறை வேண்டாம், மூளையில் இரத்தம் கசியும். கொடி அறுபடாமல் இருந்தால் குட்டியின் வயிற்றிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி நூலால் கட்டி, அதற்கப்பால் வெட்டுங்கள். கொடியைப் பிடித்து இழுக்கவே கூடாது.

இரண்டாவது, பாதி வெளியே வந்து நின்றுவிட்ட குட்டி. கையைக் கழுவி, ஜெல்லியைச் சுற்றிலும் தடவி, தாய் முக்கும்போது மட்டும், துண்டால் பிடித்துக் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். முக்கல் நின்றால் நீங்களும் நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று முக்கலில் நகரவில்லையென்றால் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இருபது நிமிடம் விடாமல் முக்கியும் குட்டி எதுவும் தெரியவில்லை, தெளிந்த நீரோ சிறிது இரத்தமோ தவிர பச்சை அல்லது பழுப்பு நிறக் கசிவு, இரத்தம் சொட்டிக்கொண்டே இருப்பது, முக்கல் நின்று தாய் தளர்ந்து சாய்வது: இவற்றில் ஏதொன்று கண்டாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தாங்கும் சக்தி அந்த உடம்புக்குச் சில மணி நேரம்தான். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். எலும்பு விரியாத நிலையில் அதைப் போட்டால் கருப்பை கிழியும். அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். எல்லாம் முடிந்த பின் சிவந்த சதைப்பிண்டம் ஒன்று வெளியே தொங்கினால் அது கருப்பை. உப்பு நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, தாய் கடிக்காமல் பார்த்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிறந்த பின்

குட்டிகள் முடியோடும் பல்லோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். எடை 60 முதல் 100 கிராம். 50-க்குக் குறைந்தவை பிழைப்பது கடினம். நனைந்த துணியை மாற்றி, தாய்க்குத் தண்ணீரும் குடைமிளகாயும் வைத்துவிட்டு ஒதுங்குங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் கினிப்பன்றிக்குப் பொருந்தாது, தினமும் எடுத்து எடை பார்க்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் எடை சற்று இறங்கும். அதன்பின் தினமும் சில கிராம் ஏற வேண்டும். நான்காம் நாளும் இறங்கினால் அந்தக் குட்டிக்குப் பால் போதவில்லை.

தாய்க்கு இரண்டே காம்புகள். நான்கு குட்டிகள் இருந்தால் பலசாலிகள் முந்திக்கொள்ளும். பெரியவை இரண்டையும் பக்கத்தில் ஒரு பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்து, சின்னவற்றை மட்டும் குடிக்கவிடுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை இப்படிச் செய்தாலே தேறிவிடும். காம்பு சூடாக, கல்லாக, நீலம் பாரித்திருந்தால் மடிவீக்கம், மருந்து வேண்டும். தாய் நடுங்கினாலோ பின்னங்கால் இழுத்தாலோ சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அதற்கும் ஊசி உடனே தேவை.

தாய் இறந்துவிட்டால் பால் கொடுக்கும் வேறு பெட்டை கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கிடைக்காவிட்டால் பூனைக்குட்டிக்கான பால்பவுடரைக் கரைத்து இரண்டு மணிக்கொரு தரம் கொடுக்கலாம். குட்டியை நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் வைத்து, சிரிஞ்சு நுனியில் ஒவ்வொரு சொட்டாக நக்கவிடுங்கள். மல்லாக்கப் பிடித்தாலோ வேகமாகப் பீய்ச்சினாலோ பால் நுரையீரலுக்குப் போய்க் குட்டி செத்துவிடும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அணைத்துச் சூடாக்குங்கள், பால் அதன் பிறகுதான். ஒவ்வொரு முறை குடித்த பின்னும் ஈரப்பஞ்சால் மலவாயையும் சிறுநீர்த் துவாரத்தையும் மெல்ல வருடிவிட வேண்டும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது. இரண்டாம் நாளிலிருந்தே ஊறிய பெல்லட்டையும் புல்லையும் கொறிக்கத் தொடங்கிவிடும். பெரிய கினிப்பன்றியின் புழுக்கையைத் தின்றால் தடுக்காதீர்கள், குடலுக்கு வேண்டிய பாக்டீரியா அதில்தான் கிடைக்கிறது.

இருபத்தோராம் நாள் ஆண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும். அந்த வயதிலேயே அவை தாயையும் சகோதரிகளையும் சினையாக்கிவிடும். பிறப்புறுப்புக்குச் சற்று மேலே வயிற்றை விரலால் லேசாக அழுத்தினால் ஆணுக்கு உறுப்பு வெளியே துருத்தும். பெண்ணுக்கு ஆங்கில ஒய் வடிவப் பிளவு மட்டும் தெரியும். ஆண் குட்டிகளைத் தந்தையோடு விடலாம், பெண் குட்டிகள் தாயோடு இருக்கட்டும். தந்தையை மறுபடி தாயோடு சேர்க்க நினைத்தால் ஆண்மை நீக்க அறுவை செய்து, அதன்பிறகும் ஆறு வாரம் தனியே வைத்திருந்துதான் சேர்க்க வேண்டும். அறுவைக்குப் பின்னும் சில வாரம் விந்து தங்கியிருக்கும்.